கடை போடுறதுக்கு முன்னாடி கடையில போய்ச் சாப்பிடுவோம்



நம் கூட்டமைப்புக்கு வரும் கடன் விண்ணப்பங்களில் தின்பண்டத் தொழிலுக்கு என்று வருபவை நிறைய. முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய், இட்லிக்கடை, சாயங்கால வடைக்கடை. நல்ல விஷயம்தான். கைக்குத் தெரிந்த வேலை, அடுப்பும் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நாங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் வருவதில்லை. "இதே பண்டத்தை நம்ம பக்கத்துல யாரு நல்லா செய்றாங்க? அந்தக் கடையில நீங்க கடைசியா எப்போ வாங்கித் தின்னீங்க?"

இந்த மாதப் பாடம் இதுதான். புருஷனும் பொண்டாட்டியுமா ஒரு நாள் கிளம்பி, நம்ம பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது. இதெல்லாம் ஒரு பாடமா என்று சிரிக்க வேண்டாம். இது தெரியாமல் நாங்கள் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குழுவுக்கு நாங்கள்தான் கடலை மிட்டாய்த் தொழிலைச் சொல்லிக் கொடுத்தோம். இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். திட்ட அறிக்கையில் முதலீடு, வரவு, லாபம் என்று கட்டம் கட்டி எழுதினோம். 40,000 ரூபாய் கடன். மூன்று பேர் வேலை செய்வது, லாபத்தில் ஒரு பங்கு குழுவுக்கு என்று தீர்மானமும் போட்டாச்சு. 'கோவில்பட்டி சுவையில்' என்று ஸ்டிக்கர்கூட அடித்தோம். சித்திரை, வைகாசியில் ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் மிட்டாய் நசநசத்துத் தாளோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் அட்டைப்பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தவணை கட்ட முடியாமல் அந்தக் குழுவின் ஊக்குநர் தன் கம்மலை அடகு வைத்தார். எங்களிடம் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போனபோது வெறும் காதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் ஒரு மிட்டாய் கம்பெனி வாசலில் அதுவரை நின்று பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலம்

அதற்கு அடுத்த கூட்டத்தில் கேட்டோம். வந்திருந்தது 14 பேர். "போன ஒரு வருஷத்துல டவுன்ல ஒரு கடையில வீட்டுக்காரரோட உக்காந்து சாப்பிட்டவங்க கை தூக்குங்க." மூன்று கைகள்தான் தூக்கின. அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் சாப்பிட்டது.

ஒரு அக்கா சொன்னார்: "அவரு ஞாயித்துக்கிழமை பரோட்டா பொட்டலம் வாங்கிட்டு வருவாரு. பிள்ளைகளுக்குப் பிச்சுக் குடுத்தது போக மிச்சச் சால்னாவைத் தொட்டுச் சோத்தைத் திம்பேன். அந்தக் கடை எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். ஊரில் எந்தக் கடையில் கூட்டம், எங்கே விலை கூட, எங்கே எண்ணெய் மோசம், இதெல்லாம் ஆண்களுக்கு அத்துப்படி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே தெரிந்துகொள்கிறார்கள். சமைத்து விற்கப் போவது நாம். ஆனால் கடை எப்படி இருக்கும் என்று பார்க்காமலேயே கடன் வாங்கிக் கடை போடுகிறோம்.

அன்று ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது எங்க வீட்டுக்காரர், "அப்ப வா, ஞாயித்துக்கிழமை நாமளே போய்ப் பாப்போம்" என்றார். வண்டிக்குப் பெட்ரோல், தின்பதற்கு 300 ரூபாய். (இனி 'நாங்கள்' என்று வருவது அவரையும் சேர்த்துத்தான்.)

கோவில்பட்டியில் பார்த்தது

முதலில் கோவில்பட்டிக்கே போனோம். மூன்று கடைகளில் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று மாற்றி மாற்றிக் கடித்தோம். குழு செய்த மிட்டாயிலும் ஒன்று பையில் இருந்தது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது வீட்டுக்காரர்தான். "நம்ம மிட்டாய்ல பருப்பு முழுசா கெடக்கு. இதுல தோலை எடுத்து ரெண்டா உடைச்சிருக்காங்க. அதான் பல்லுக்கு லேசா இருக்கு, பாகும் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு."

பிறகு ஒரு கம்பெனி வாசலில் நின்று, உள்ளே பார்க்கலாமா என்று கேட்டோம். தூரமா நின்னு பாருங்க என்றார்கள். வறுத்த பருப்பு ஒரு பக்கம். வெல்லப்பாகு கொதிக்கிறது. வேலை செய்த ஒருவர் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டார். இறுகியதை எடுத்துத் தட்டில் போட்டார். 'டங்'கென்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் பருப்பைக் கொட்டினார். சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, கத்தி போட்டாயிற்று. எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடக்கிறது. ஆறியதும் காற்றுப் படாமல் கவரில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

நம் பயிற்சியில் பாகுப் பதம் என்று ஒரு வார்த்தை சொன்னோமே தவிர, அந்த 'டங்' சத்தத்தைக் கேட்க வைக்கவில்லை. பாகு கொஞ்சம் இளசாக இருந்தாலே மிட்டாய் ஈரத்தை இழுக்கும். அதோடு, செய்த மிட்டாயைத் தட்டில் பரப்பி ராத்திரி முழுக்க வைத்திருந்துவிட்டுக் காலையில் பாக்கெட் போட்டோம். மழைக்காலத்தில் வேறு என்ன நடக்கும்?

இன்னொரு விஷயமும் அங்கேதான் உறைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல், மணப்பாறை முறுக்குக்கும் உடன்குடி கருப்பட்டிக்கும் 2023-இல். அப்படி என்றால், அந்த ஊர் எல்லைக்குள் அந்த முறைப்படி செய்து, அதற்கெனப் பதிவு செய்துகொண்டவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம். நாம் வேறு ஊரில் செய்து 'கோவில்பட்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் சட்டப்படி வம்பு. சட்டம் கிடக்கட்டும், அவர்கள் பல தலைமுறையாகச் சேர்த்த பெயரை நாம் எடுத்துக்கொள்வது நியாயமும் இல்லை. நம் ஊருக்கும் பெயர் இருக்கிறது, அதைப் போடலாமே. அந்த ஸ்டிக்கரை அடித்துக் கொடுத்தது நாங்கள்தான் என்பதால் இதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

பூஜ்யம் போட்ட கட்டம்

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே தனியார் கடைகளும் உண்டு, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் பால்கோவா செய்து விற்கிறது. வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்ததைச் சுடச்சுடத் தின்றோம். நல்ல ருசி, சொல்லவே வேண்டாம். ஆனால் வீட்டுக்காரர் கண் முழுக்க உள்ளே அடுப்பில் இருந்தது. அகலமான சட்டி, கீழே விறகு, பாலும் சீனியும். ஒருவர் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கிறார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றோம். கிண்டுகிற கை நிற்கவே இல்லை. நிறுத்தினால் அடி பிடித்துவிடும்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கேட்டார்: "ஏம்மா, இந்தக் கிண்டுறவருக்குக் கூலி உண்டுல்ல? நம்ம குழுக் கணக்குல மிட்டாய் போட்ட மூணு பேருக்கும் என்ன கூலி எழுதுனீங்க?"

நாங்கள் எழுதிய திட்ட அறிக்கையில் 'ஆள் கூலி' என்ற கட்டத்தில் பூஜ்யம்தான் இருந்தது. 'உறுப்பினர்களே செய்வதால் செலவு இல்லை' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

அன்று ராத்திரி பழைய கணக்கு நோட்டை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு நாள் கணக்கை உங்களுக்கும் காட்டுகிறோம். நோட்டில் இருந்த விலையைச் சுலபமாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக்கி இருக்கிறோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். பருப்பு 5 கிலோ 700 ரூபாய். வெல்லம் 3 கிலோ 180. கேஸ் 60, சுக்கும் ஏலக்காயும் 20, கவரும் ஸ்டிக்கரும் 80, கடைக்குக் கொண்டுபோக பஸ் 60. ஆக 1,100 ரூபாய். உடைசல், ஒட்டல் போக ஏழரை கிலோ மிட்டாய் தேறியது. கிலோ 180 என்று போட்டதில் 1,350 ரூபாய். அப்போது 250 ரூபாய் லாபம் என்று கைதட்டினோம்.

கடைக்காரர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வார், அது 135. மிச்சம் 115. மூன்று பேர் ஆளுக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் 15 மணி நேர வேலை. வகுத்துப் பார்த்தால் மணிக்கு எட்டு ரூபாய்கூட வரவில்லை. களை எடுக்கப் போயிருந்தாலே இதைவிட எவ்வளவோ கூடக் கிடைத்திருக்கும். அதுவும் மிட்டாய் திரும்பி வராத நாளின் கணக்கு இது.

மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 750 ரூபாய். அப்போது கிலோ 275 ரூபாய்க்கு விற்றால்தான் கடைக்காரர் பங்கும் போகக் கட்டும். கோவில்பட்டியில் நாங்கள் வாங்கியதே அதைவிட மலிவு. அவர்களுக்கு மொத்தக் கொள்முதல், ஒரே நாளில் பல ஈடு. மூன்று பேரும் ஒரு கேஸ் அடுப்பும் வைத்துக்கொண்டு அந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது. ஆக, அந்தத் தொழிலே அந்தக் குழுவுக்குப் பொருந்தாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. இரண்டு ஞாயிறும் 600 ரூபாய்த் தின்பண்டமும்தான் தேவைப்பட்டது. கடனுக்கு முன்னாடியே போயிருந்தால் அந்தக் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இது எங்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சாத்தூரில் காராச்சேவு. வாங்கியதும் கையில் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் ஒட்டுகிறதா, நொறுங்குகிறதா என்று. விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. அங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் போனபோது கடை நிறைய ஆண்கள். உள்ளே நுழைய கால் கூசியது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டிக் கூட்டம் போடுகிறவர்களுக்கே இப்படி. உட்கார்ந்து இலை போட்டதும் யாரும் நம்மைப் பார்க்கவில்லை. அவரவர் பரோட்டாவைப் பிச்சுப் போட்டுச் சால்னா ஊற்றிக்கொள்வதில்தான் மும்முரம். மொறுமொறு என்று சூடாக இருந்தது. பொட்டலத்தில் வீட்டுக்கு வந்து சேரும்போது அந்த மொறுமொறுப்பு இருப்பதில்லை. இத்தனை வருடம் தின்றது வேறு பரோட்டா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திருவிழாக் கடையில் கருப்பட்டி மிட்டாய் போட்ட ஒரு வயதான தம்பதியை மறக்க முடியாது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை அந்த அம்மா துணியில் கட்டி, எண்ணெயில் வட்டம் வட்டமாகப் பிழிகிறார். வெந்ததை எடுத்துக் கருப்பட்டிப் பாகில் முக்குகிறார். பெரியவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு, ஓலைக் கொட்டானில் எடை போட்டுக் கொடுக்கிறார். "ரெண்டு பேர்ல யாருக்கும்மா கணக்கு?" என்று கேட்டோம். "மாவு நானு, பாகு நானு, காசும் நானு தாயி. அவரு வெறகு வாங்கக்கூட என்கிட்டதான் கேப்பாரு" என்றார். பெரியவர் சிரித்தார், மறுக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதும்போது எங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது. கடன் பெண் பேரில், கடைப் பெட்டி ஆண் கையில் என்று முடிந்த கதைகள் நம் கூட்டமைப்பிலேயே உண்டு. சேர்ந்து போவது அதற்காக இல்லை. அடுப்புக்கு முன்னால் நிற்பதும் ஒரு வேலை, அதற்கும் விலை உண்டு என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாம் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, வேறொருவர் சம்பளத்துக்குக் கிண்டுவதைப் பார்த்தால் ஏறுகிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் பாதி அவர் கையில்தான். (உப்பு கொஞ்சம் கூடத்தான்.)

வீட்டுக்காரர் இல்லாதவர்கள், கூட வர மாட்டேன் என்பவரை வைத்திருப்பவர்கள், குடிப்பவரோடு வெளியே போக அஞ்சுபவர்கள் மகளோடு போங்கள், மதினியோடு போங்கள், குழுவில் ஒருத்தரோடு ஒருத்தர் போங்கள். தனியாக மட்டும் வேண்டாம். ஒரே நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

போகும்போது

அதிகாரி சோதனைக்குப் போவதுபோல் போகாதீர்கள். முதலில் வாங்குங்கள், சாப்பிடுங்கள், நல்லா இருந்தால் நல்லா இருக்கு என்று சொல்லுங்கள். அப்புறம் கேள்வி. கைப்பக்குவத்தைக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. "எத்தனை மணிக்கு மாவு போடுவீங்க? மிச்சமானா என்ன செய்வீங்க? மழைக்காலத்துல எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே பண்டம், மூன்று கடை. அதற்கு மேல் வயிறும் தாங்காது, நினைவிலும் நிற்காது.

மிச்சமானால் என்ன செய்கிறார்கள் என்பதை நன்றாகக் கவனியுங்கள். தின்பண்டத் தொழில் படுப்பது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் எண்ணெயின் நிறம். கறுத்துப் புகைகிற எண்ணெய் என்றால் அந்தக் கடையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எதில் கட்டிக் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். அச்சடித்த பேப்பரில் சூடான வடையை வைத்தால் மை எண்ணெயோடு வயிற்றுக்குள் போகும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கேரிபேக்குகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழையிலையும் ஓலைக் கொட்டானும் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். டவுனில் அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாக்கெட் வாங்கினால் கவரைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். என்ன சேர்த்தது, எடை எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது, எதுவரை தின்னலாம், செய்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் எல்லாம் அதில் இருக்கும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் செய்து விற்கிற சின்னத் தொழிலுக்கும் அந்தப் பதிவு வேண்டும். கவரில் பார்த்துப் பழகிவிட்டால் நம்முடையதற்கு எழுதும்போது தடுமாற்றம் வராது.

அந்த மிட்டாய்க் குழுவைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று பேரில் இரண்டு பேர் எங்களைப் போலவே வீட்டுக்காரர்களோடு கோவில்பட்டி போய் வந்தார்கள். வந்த அன்றே "மிட்டாய் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரங்களில் நம் பஸ் நிறுத்தத்திலேயே சாயங்காலம் நின்று, யார் என்ன வாங்கித் தின்கிறார்கள் என்று பார்த்தார்கள். இப்போது அங்கே கருப்பட்டிப் பணியாரம் சுடுகிறார்கள். அன்றைய மாவு அன்றைக்கே தீர்கிறது, திரும்பி வர எதுவும் இல்லை. நோட்டில் ஆள் கூலி என்ற கட்டத்தில் மணிக்கு 50 என்று எழுதிவிட்டுத்தான் மற்றச் செலவை எழுதுகிறார்கள். பழைய கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது. கம்மல் வந்துவிட்டது.

குழுக் கூட்டத்தில் செய்ய

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் இரண்டு இரண்டு பேராகவோ, வீட்டுக்காரரோடோ ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். என்ன விலை, ஒரு ஆளுக்கு வயிறு நிறைய எவ்வளவு ஆனது, கடையில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலையில் இருந்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். தின்பண்டக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்திருப்பவர்கள் 'ஆள் கூலி' கட்டத்தை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதி வாருங்கள். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்.

வாங்கிய பண்டத்தில் மிச்சம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். நாங்களும் சாத்தூர் சேவு அரைக் கிலோ வாங்கி வருகிறோம்.